கொடையாளர் என்பவர் யார்? மாகறல் தலவரலாற்றை முன்வைத்துக் கல்வெட்டுக் கொடைமொழி குறித்த ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

கோயிற் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் தொகுத்து ஆராயும் ஆய்வுகளில் ‘கொடையாளர்’ என்னும் ஒரே சொல், தம் உடைமையை விட்டுக்கொடுத்தவர், அரசனிடம் விண்ணப்பித்தவர், ஆணையிட்டவர், கொடைப்பொருளை ஏற்று அறத்தை நடத்தியவர் எனப் பலரையும் குறிக்க ஆளப்படுகிறது. இவர்களை ஒரே பட்டியலில் அடக்கும்போது கொடையின் சுமையை நாள்தோறும் தாங்கியவர்கள் பட்டியலுக்கு வெளியே நின்றுவிடுகின்றனர். மாகறலில் வழங்கும் பலாப்பழக் கதையைத் தொடக்கமாகக் கொண்டு, ஆவணங்களின் மொழி இந்நிலைகளை எவ்வாறு வேறுபடுத்துகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கொடை, ஈகை, ஆணத்தி, இறையிலி, சாவா மூவாப் பேராடு, மாகறல்

1. முன்னுரை

காஞ்சிபுரம் மாவட்டத்தில் செய்யாற்றின் கரையில் அமைந்துள்ள மாகறல், திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற தொண்டைநாட்டுத் தலம். அப்பதிகம் மூன்றாம் திருமுறையில் இடம்பெற்றுள்ளது. இறைவன் திருமாகறலீசுவரர், அடைக்கலம் காத்த நாதர், உடும்பீசர் முதலிய பெயர்களால் வழங்கப்பெறுகிறார்.

இவ்வூர்த் தலவரலாறு ஒரு கொடையைப் பற்றியது. நாள்தோறும் ஒரு பழம் தரும் பலாமரம் ஒன்று இங்கு இருந்தது. அப்பழம் இராசேந்திர சோழனின் ஆணைப்படி தில்லைக்கு எடுத்துச் செல்லப்பட்டு நடராசப் பெருமானுக்குப் படைக்கப்பட்டது. பின்னர் அரசனுக்குப் பிரசாதமாக அளிக்கப்பட்டது. பழத்தைச் சுமந்து செல்லும் பணி ஊரார்மீது முறைவைத்துச் சுமத்தப்பட்டது. இத்துன்பத்தைக் கண்ட சிறுவன் ஒருவன் மரத்தையே எரித்துவிட்டான். அரசன் அவனை நாடுகடத்த ஆணையிட்டான். இரவெல்லாம் நடந்து அவனை அழைத்துச் சென்றோருக்குப் பொழுது விடிந்த இடம் ‘விடிமாகறல்’ எனப் பெயர்பெற்றது. திரும்பும் வழியில் அரசன் பொன்னிற உடும்பொன்றைக் கண்டு துரத்த, அது புற்றினுள் மறைய, அங்கே சிவலிங்கம் வெளிப்பட்டது என்று கதை முடிகிறது.

இக்கதையை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள இயலாது. சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டில் பாடிய தலத்து இறைவனைப் பதினொன்றாம் நூற்றாண்டு அரசன் முதன்முதலாகக் கண்டான் என்பது காலமுறைக்குப் பொருந்தவில்லை. ஆயினும் ஒரு வினாவை இக்கதை கூர்மையாக எழுப்புகிறது. தில்லைக்குச் சென்ற பழத்தின் கொடையாளர் யார்? ஆணையிட்ட அரசனா, மரம் நின்ற ஊரா, சுமந்து நடந்தவர்களா? கல்வெட்டொன்றில் இக்கொடை பதிவாகியிருப்பின் அரசன் பெயரே கொடையாளர் பெயராக நம் அட்டவணைகளில் ஏறியிருக்கும். சுமந்தவர்களின் குரலைச் சிறுவனின் செயலாகக் கதை காத்துவைத்திருக்கிறது.

2. இலக்கண மரபில் கொடை

கொடுத்தலைக் குறிக்கும் சொற்களைத் தமிழிலக்கணம் தொடக்கத்திலேயே உறவுநிலை சார்ந்தவையாகக் காண்கிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரம் ‘ஈ’, ‘தா’, ‘கொடு’ ஆகிய மூன்றையும் இரத்தற்குரிய சொற்களாக எடுத்துக்கொண்டு, முதலாவது இழிந்தோனுக்கும், இரண்டாவது ஒப்போனுக்கும், மூன்றாவது உயர்ந்தோனுக்கும் உரியது என வகுக்கிறது. கேட்பவன் கொடுப்பவனை நோக்க எந்நிலையில் நிற்கிறான் என்பதே சொல்லைத் தீர்மானிக்கிறது.

அதே அதிகாரத்தில் மற்றொரு வேறுபாடும் சுட்டப்படுகிறது. தரலும் வரவும் தன்மை, முன்னிலை இடங்களுக்குரியன. செலவும் கொடையும் படர்க்கைக்குரியன. இவ்வகையில் ‘கொடை’ என்பது பேசுவோரும் கேட்போரும் அல்லாத மூன்றாமவரை நோக்கிச் செல்லும் செயலாகிறது. கொடுப்பவர், பெறுபவர் என்னும் இருவரோடு, அச்செயலைக் கண்டு பதிவுசெய்யும் ஒருவருக்கும் இதில் இடமுண்டு. கல்வெட்டு என்பது அந்த மூன்றாம் இடத்தின் மொழி எனக் கருதலாம்.

திருக்குறளின் ஈகை அதிகாரம் வறியவர்க்குக் கொடுப்பதை மட்டுமே ஈகை என ஏற்று, ஏனையவற்றைக் ‘குறியெதிர்ப்பை’ என ஒதுக்குகிறது. அளவு குறித்துக் கொடுத்து, அதே அளவைத் திரும்பப் பெறும் கைம்மாற்றே குறியெதிர்ப்பை. இவ்வளவுகோலின்படி நோக்கினால், புண்ணியத்தையும் புகழையும் கருதிச் செய்யப்பட்ட கோயிற் கொடைகளில் பெரும்பாலானவை ஈகை ஆகா. எனவே ஈகை, கொடை, தானம் ஆகியவற்றை ஒருபொருட் பன்மொழியாகக் கொள்வது ஆய்வின் முதற்படியிலேயே பிழைக்கு வழிவகுக்கும்.

3. செப்பேடுகளில் பகுக்கப்பட்ட கொடையாளர்

பல்லவர் செப்பேடுகள் கொடைச் செயலைப் பலரிடையே பகுத்துக் காட்டுகின்றன. நந்திவர்மப் பல்லவமல்லனின் 22-ஆம் ஆட்சியாண்டில் வெளியிடப்பட்ட காசாக்குடிச் செப்பேடு, ஊற்றுக்காட்டுக் கோட்டத்தைச் சேர்ந்த கொடுகொள்ளி என்னும் ஊர் பிரமதேயமாக்கப்பட்டதைக் கூறுகிறது. இதில் விண்ணப்பம் செய்தவர் ஒருவர், ஆணையை நிறைவேற்றும் ‘ஆணத்தி’யாக நின்ற கோரசர்மன் வேறொருவர், கொடை பெற்ற சேட்டபாத சோமயாசி மற்றொருவர். அரசாணையைப் பெற்ற நாட்டார் அதைத் தொழுது தலைமேல் வைத்து, எல்லையைச் சுற்றிவந்து கல்லும் கள்ளியும் நாட்டி ஊரை வரையறுத்தனர். விருப்பம், அதிகாரம், நிறைவேற்றம், எல்லையறிவு ஆகிய நான்கும் நான்கு தரப்பினரிடம் உள்ளன. நம் அட்டவணைகளோ ‘கொடையாளர்: நந்திவர்மன்’ என்ற ஒற்றை வரியோடு நிறைவடைகின்றன.

இங்கு அரசன் கொடுத்தது எது என்பதும் ஆராயத்தக்கது. செக்கு, தறி உள்ளிட்ட பல வரியினங்கள் இச்செப்பேட்டின் விலக்குப் பட்டியலில் இடம்பெறுகின்றன. செக்காரும் தறிக்காரரும் வரியிலிருந்து விடுபட்டனர் என்று இதற்குப் பொருள்கொள்வது கடினம். அரசனுக்குச் சேர வேண்டிய வருவாய் பிரமதேயம் பெற்றவருக்கு உரியதாயிற்று என்பதே பொருத்தமான விளக்கம். அரசன் விட்டுக்கொடுத்தது பிறர் உழைப்பின்மீது தனக்கிருந்த உரிமையை. அவ்வுழைப்பைத் தொடர்ந்து அளித்தவர்கள் எண்ணெய் ஆட்டியவர்களும் நெசவு செய்தவர்களுமே.

‘குடிநீக்கிய தேவதானம்’, ‘குடிநீங்காத் தேவதானம்’ என்னும் கல்வெட்டுத் தொடர்கள் இதனினும் கடுமையான வேறுபாட்டைச் சுட்டுகின்றன. நிலம் ஒன்றே, ஆனால் முன்னிருந்த குடிகள் தம் உரிமையோடு தொடர்ந்தனரா, நீக்கப்பட்டனரா என்பதைப் பொறுத்துக் கொடையின் இயல்பு மாறுகிறது. நீக்கப்பட்டவர்கள் எதையும் ‘கொடுக்க’வில்லை, ஆயினும் அக்கொடைக்காக இழந்தவர்கள் அவர்களே.

4. விளக்கெரித்தவர் யார்?

நந்தாவிளக்குக் கொடைகள் எண்ணிக்கையில் மிகுந்தவை. எனவே கொடையாளர் பட்டியல்களில் பெரும்பங்கு வகிப்பவை. தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுகளின்படி ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் அளிக்கப்பட்டன. அவற்றைப் பெற்ற இடையர்கள் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இவ்வாடுகள் ‘சாவா மூவாப் பேராடு’ எனப்பட்டன. ஆடு இறந்தாலும் மூத்தாலும் எண்ணிக்கை குறையாது. குறையும் தலையை ஈடுசெய்யும் கடமை இடையருடையது.

இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நான்கு உழக்கு ஒரு நாழி. நாளுக்கு ஓர் உழக்கு என்றால் ஆண்டுக்கு 365 உழக்கு, அதாவது 91¼ நாழி நெய். ஆடுகளை அளித்தவரின் செயல் ஒரு நாளில் முடிந்தது. இடையரின் செயலுக்கு முடிவில்லை. அவருக்குப் பின் அவர் வழியினரும் சந்திராதித்தர் உள்ளவரை அளக்கக் கடமைப்பட்டனர். மந்தையின் ஏனைய பயன்கள் இடையரைச் சேர்ந்தன என்பதால் இதனை ஒருவகைப் பொருளியல் ஒப்பந்தமாகக் காண்பதும் தகும். எனினும் மந்தையில் நோய் பரவினாலோ வறட்சி நேர்ந்தாலோ வரும் இழப்பைத் தாங்குபவர் ஆடு அளித்தவர் அல்லர்.

பெரியகோயிற் கல்வெட்டுகள் இவ்விடையர்களின் பெயர்களையும் ஊர்களையும் முறையாகப் பொறித்துள்ளன. கல்லில் இருக்கும் இப்பெயர்கள் ஆய்வட்டவணைகளில் இடம்பெறாமல் போவது ஆவணத்தின் குறையன்று. நாம் வகுத்துக்கொண்ட பகுப்பின் குறை.

இதே கோயிலில், இராசராசனின் 26-ஆம் ஆட்சியாண்டு ஆணை, தான் கொடுத்தவற்றையும், தன் தமக்கை கொடுத்தவற்றையும், தன் தேவியர் கொடுத்தவற்றையும், பிறர் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுமாறு கூறுகிறது. எல்லாரும் ‘கொடுத்தார்’ என்றே குறிக்கப்பெறுகின்றனர். எனினும் அவர்களது வரிசை அரசனுக்கும் அவர்களுக்கும் உள்ள உறவால் அமைகிறது. குந்தவையின் கொடையை ஆராயும்போது அவரது தனிச்சொத்துரிமையோடு இவ்வுறவு அடையாளத்தையும் கருத வேண்டியுள்ளது.

5. பொறுப்பேற்றோரும் காப்போரும்

பொன் கொடையாக அளிக்கப்பட்டபோது அது பெரும்பாலும் முதலாக வைக்கப்பட்டு, பொலிசை எனப்படும் வட்டியால் அறம் நடத்தப்பட்டது. உத்திரமேரூர்ச் சபை போன்ற சபைகள் இத்தகைய முதலை ஏற்று, நிலையாக அறம் நடத்துவதாக உறுதியளித்தன. சில நேர்வுகளில் கொடையாளர் ஒரு தொகையை முன்கூட்டியே செலுத்த, நிலத்துக்குரிய வரியைச் சபையே என்றென்றும் ஏற்றுக்கொண்டது. அங்கு ‘இறையிலி’ என்பது வரி நீக்கத்தைக் குறிக்காமல், வரிச்சுமை ஒருவரிடமிருந்து ஊராருக்கு மாறியதைக் குறிக்கிறது. பின்வந்த தலைமுறையினர், தாம் காணாத பொன்னுக்காகத் தாம் கேட்டறியாத கடமையை ஏற்றனர்.

காஞ்சிபுரத்திலேயே இதற்குத் தெளிவான சான்றுண்டு. உத்தம சோழனின் சென்னை அருங்காட்சியகச் செப்பேடு, கச்சிப்பேட்டு ஊரகத்துத் திருமால் கோயிலின் நிருவாகத்தைப் பற்றியது. கோயிலின் பொன் நகரத்துச் சேரியார் சிலரிடம் முதலாக வைக்கப்பட்டதையும், கோயிற் கணக்கைக் கண்காணிக்கும் பொறுப்பு நெசவுத் தொழிலினரான பட்டசாலிகளிடம் ஒப்படைக்கப்பட்டதையும் அது கூறுகிறது. இந்நெசவாளர் கொடுத்தவராகவோ பெற்றவராகவோ இச்செயலில் நிற்கவில்லை. அறம் நிலைபெறுவதற்கு அவர்களே காரணமாயினர். காஞ்சி நெசவாளருக்கும் கோயிலுக்கும் உள்ள உறவை எழுதுவோர் ‘நெசவாளர் அளித்த கொடைகள்’ என்னும் தலைப்போடு நின்றுவிட்டால், இப்பங்கு விடுபடும்.

கொடை ஆவணங்களின் இறுதியில் அமையும் ஓம்படைக் கிளவியும் இங்கு நினைக்கத்தக்கது. இவ்வறத்தைக் காத்தவன் அடி தன் தலைமேல் என்று கொடையாளர் கூறுவது வழக்கமான வாய்பாடு. அரசனாயினும் வணிகனாயினும், கொடுத்தவர் இனிப் பிறக்கப்போகும் காப்பாளரின் காலடியில் தம்மை வைக்கிறார். கொடுத்தலைவிடக் காத்தலை உயர்வாக வைக்கும் இம்மரபு, கொடையாளரே ஏற்றுக்கொண்ட தரவரிசை என்பது குறிப்பிடத்தக்கது.

6. இக்காலப் பொருள்விரிவு

‘கொடையாளர்’ என்னும் சொல்லின் இச்சிக்கல் பழமையோடு முடியவில்லை. குருதிக்கொடையில் தன்னார்வக் கொடையாளர், மாற்றுக் கொடையாளர், தொழில்முறைக் கொடையாளர் என்னும் பகுப்பு நிலவியது. உச்சநீதிமன்றத் தீர்ப்பின் வழி 1998 சனவரி 1 முதல் இந்தியாவில் தொழில்முறைக் கொடை தடைசெய்யப்பட்டது. உறவினர் பெறும் குருதிக்கு ஈடாகக் குருதி அளிக்கும் மாற்றுக்கொடை, வள்ளுவர் ஒதுக்கிய குறியெதிர்ப்பைக்கு மிக அண்மையில் நிற்கிறது. விலை, ஈடு, ஈகை ஆகிய மூன்றையும் ஒரே சொல் தாங்கிநின்றது.

உடலுறுப்புக் கொடையில் பிளவு இன்னும் ஆழமானது. 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பித் தன்விருப்பத்தோடு இசைவளிப்பவரைக் கொடையாளர் என வரையறுக்கிறது. மூளைச்சாவு நேர்வுகளில் உறுப்பு ஒருவருடையதாகவும் இசைவு குடும்பத்தாருடையதாகவும் அமைவதுண்டு. 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, உறுப்புக்கொடை அளித்தோரின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என அறிவித்தது. மரியாதை இறந்தவருக்குரியது, மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்று முடிவெடுத்த துயரம் பெற்றோருக்கோ துணைவருக்கோ உரியது. உடைமையாளரும் முடிவெடுப்பவரும் வெவ்வேறாதல் காசாக்குடி ஆவணத்தில் நாம் கண்ட பகுப்பே.

7. முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால் கொடைச் செயலில் குறைந்தது ஆறு நிலைகள் தெளிவாகின்றன: உடைமையை விடுபவர், விண்ணப்பிப்பவர், ஆணையிட்டு நிறைவேற்றுபவர், முதலை ஏற்று நடத்துபவர், உழைப்பாலோ இழப்பாலோ சுமப்பவர், காப்பவர். ஒருவரே பல நிலைகளில் நிற்கலாம். ஒரு நிலையில் பலர் நிற்கலாம். கல்வெட்டுத் தரவுகளை அட்டவணைப்படுத்தும் ஆய்வாளர்கள் ‘கொடையாளர்’ என்னும் ஒற்றைப் பத்திக்கு மாற்றாக இந்நிலைகளைத் தனித்தனிப் பத்திகளாக அமைத்தல் நன்று. ஆவணம் ஒரு நிலையைக் குறித்து எதுவும் கூறாதவிடத்து அப்பத்தி வெறுமையாகவே இருக்கட்டும். அவ்வெறுமையும் ஒரு தரவே. பெண்கள், வணிகர், நெசவாளர், இடையர் ஆகியோரின் சமூகநிலை குறித்து எண்ணிக்கை அடிப்படையில் எடுக்கப்படும் முடிவுகள் இதனால் திருத்தம் பெறக்கூடும்.

மாகறல் கதையில் அரசன் இறைவனைக் கண்ட பெருமை பெறுகிறான். எனினும் அக்கதையைச் சொல்லிவந்தவர்கள் பழம் சுமந்தவர்களின் களைப்பை விட்டுவிடவில்லை. விடிமாகறல் என்னும் ஊர்ப்பெயரோடு அதனைச் சேர்த்துவைத்தனர். கொடைகளை எண்ணும் ஆய்வும் அவ்வாறே சுமந்தவர்களுக்கு ஒரு பத்தியை ஒதுக்க வேண்டும்.