கருவியின் உள்ளே ஓடும் நீர்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இரயில் பாதையில், திருவள்ளூர் நிலையத்தின் தென்புறம் அமைந்த ஊர் மணவாள நகர். இதன் அருகே 1970களில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மண்வாரும் பொறிகளைச் செய்யும் தொழிற்சாலை ஒன்றை நிறுவியது. பின்னாளில் அது கேட்டர்பில்லர் நிறுவனத்தின் கைக்கு மாறியது. சற்றுத் தொலைவில் காக்களூர்த் தொழிற்பேட்டை. வடகிழக்கே கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழில் வளாகம். இத்தகைய இடங்களில் சிறிதும் பெரிதுமாகப் பல பட்டறைகள் இயங்குகின்றன. கடைசல் எந்திரம் ஓடும் பட்டறை எதற்குள் சென்றாலும் பால்போன்ற வெண்ணிற நீர்மம் ஒன்று வெட்டுக்கருவியின் மீது கொட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். தொழிலாளர்கள் அதைக் ‘கூலன்ட்’ என்பார்கள்.

இரும்பை வெட்டும்போது நீர் எதற்கு? அதைக் கருவியின் மேலே ஊற்றாமல், கருவிக்கு உள்ளேயே துளையிட்டு அதன் வழியாக அனுப்புகிறார்களே, அது ஏன்? இவற்றைப் பார்ப்போம்.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

1790களில் ரம்ஃபோர்டு என்ற அறிஞர் ஜெர்மனியின் மியூனிக் நகரில் பீரங்கி செய்யும் பணியை மேற்பார்த்து வந்தார். பித்தளைக் குழலைத் துளையிடும்போது அது மிகவும் சூடாவதைக் கண்டார். மழுங்கிய துளைக்கருவி ஒன்றை வைத்து, குழலைச் சுற்றிலும் நீரை நிரப்பி, குதிரையின் வலிமையால் அதைச் சுழற்றச் செய்தார். இரண்டரை மணி நேரத்தில் நீர் கொதித்தது! நெருப்பே இல்லாமல் நீர் கொதித்ததைக் கண்டவர்கள் வியப்படைந்தனர். வெப்பம் என்பது ஒரு பொருளன்று, இயக்கத்தின் விளைவே என்ற முடிவுக்கு வர இச்சோதனை பெரிதும் உதவியது.

அதே வெப்பந்தான் கடைசல் எந்திரத்திலும் தோன்றுகிறது. உலோகத்தைச் சீவும்போது இரண்டு இடங்களில் ஆற்றல் செலவாகிறது. முதலாவதாக, சீவப்படும் உலோகம் நெளிந்து வளைந்து சுருளாக மாறும் இடம். இரண்டாவதாக, அச்சுருள் கருவியின் முகத்தில் உராய்ந்து செல்லும் இடம். செலவாகும் ஆற்றலின் பெரும்பகுதி வெப்பமாகிவிடுகிறது. எஃகை வேகமாக வெட்டும்போது கருவியின் முனையில் 700 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பநிலை உண்டாவது இயல்பு. நல்லவேளையாக, இவ்வெப்பத்தின் பெரும்பங்கைச் சுருளே சுமந்து சென்றுவிடுகிறது. எஞ்சியது கருவியிலும் வேலைப்பொருளிலும் தங்குகிறது.

அப்படித் தங்குவதால் வரும் தொல்லையைக் கணக்கிட்டுப் பார்க்கலாமா? எஃகு ஒரு பாகை சூடானால், ஒரு மீட்டர் நீளத்திற்கு ஏறத்தாழ 0.012 மில்லிமீட்டர் விரியும். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு தண்டு, கடையும்போது 40 பாகை சூடேறியது என்று கொள்வோம். அதன் விட்டம் 0.024 மில்லிமீட்டர் கூடிவிடும். பேரிங்கில் பொருத்த வேண்டிய அத்தகைய தண்டு ஒன்றுக்கு அனுமதிக்கப்படும் பிழையோ பெரும்பாலும் 0.016 மில்லிமீட்டர்தான். சூடாக இருக்கும்போது சரியாக இருந்த தண்டு, ஆறியதும் அளவு குறைந்து கழிவாகிவிடும். தலைமயிரின் பருமனில் பாதிகூட இல்லாத வேறுபாடு ஒரு நாள் உழைப்பைக் குப்பையில் சேர்த்துவிடக்கூடும் அன்றோ?

டெய்லர் ஊற்றிய நீர்

வெட்டும் இடத்தில் நீரை ஊற்றினால் என்ன பயன் என்பதை முறையாக ஆராய்ந்தவர் அமெரிக்கப் பொறியாளர் ஃபிரடெரிக் டெய்லர். 1880களில் ஃபிலடெல்ஃபியாவிலுள்ள மிட்வேல் எஃகு ஆலையில் இச்சோதனைகளைத் தொடங்கினார். சுருள் பிரியும் இடத்தில் நேராக நிறைய நீரைக் கொட்டினால், வெட்டும் வேகத்தை ஏறத்தாழ 40 விழுக்காடு கூட்டலாம் என்று கண்டார். 1906-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட உலோகம் வெட்டும் கலை பற்றிய பேருரையில் இதை விளக்கியிருக்கிறார். எந்திரம் துருப்பிடிக்காமலிருக்க அந்நீரில் சோடா உப்பைக் கரைத்தார்.

இன்று நீருடன் எண்ணெயைக் கலக்கிறார்கள். எண்ணெயும் நீரும் தாமாகக் கலவா என்பதை நாம் அறிவோம். சோப்புப் போன்ற ஒரு பொருளைச் சேர்த்தால், எண்ணெய் நுண்துளிகளாகப் பிரிந்து நீரில் மிதக்கும். அதனால்தான் அந்தப் பால் நிறம். பொதுவாக நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு வரை எண்ணெய் இருக்கும். நீர் வெப்பத்தை வாங்கிச் செல்கிறது. எண்ணெய் உராய்வைக் குறைத்துத் துருவையும் தடுக்கிறது.

தோசைக்கல் சொல்லும் பாடம்

ஊற்றினால் போதுமே, கருவிக்குள் ஏன் அனுப்பவேண்டும்? உங்கள் வீட்டுத் தோசைக்கல்லைக் கவனியுங்கள். அளவாகக் காய்ந்த கல்லில் நீரைத் தெளித்தால் ‘சுர்’ என்று உடனே ஆவியாகிவிடும். மிக அதிகமாகக் காய்ந்த கல்லில் தெளித்தாலோ, நீர்த்துளிகள் முத்துக்களாக உருண்டு ஓடும், விரைவில் ஆவியாவதில்லை. துளிக்கும் கல்லுக்கும் இடையே நீராவிப் படலம் ஒன்று மெத்தைபோல் அமைந்துவிடுவதே காரணம். நீர் கல்லைத் தொடுவதேயில்லை!

வெட்டுமுனையிலும் இதே கதைதான். மேலிருந்து சாதாரணமாக ஊற்றும் நீர் அங்கே நெருங்கும்போதே ஆவிப்படலம் உண்டாகிறது. மேலும், சுருள் ஒரு கூரைபோல் முனையை மூடிக்கொண்டிருக்கும். நீர் சுருளின் முதுகை நனைக்குமேயன்றி முனையை அடையாது.

ஒரு கிராம் நீரை 30 பாகையிலிருந்து 100 பாகைவரை சூடாக்க 70 கலோரி போதும். அதை ஆவியாக்கவோ மேலும் 540 கலோரி வேண்டும். ஆகவே வெப்பமான இடத்தை நீர் உண்மையிலேயே தொட்டு ஆவியானால் பெரும் நன்மை உண்டு. அதற்கு ஆவிப்படலத்தைக் கிழித்துக்கொண்டு நீர் பாயவேண்டும். மிகுந்த அழுத்தமும், முனைக்கு மிக அருகில் ஒரு சிறு வாயும் இதற்குத் தேவை. கருவிக்குள்ளேயே துளையிடுவது இதற்காகத்தான்.

ஆழ்துளை இடுவதில் இன்னொரு தேவையும் உண்டு. நம் ஊர்களில் ஆழ்துளைக் கிணறு போடுவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளீடற்ற குழாய்களின் வழியே அழுத்தப்பட்ட காற்று அடிவரை செல்கிறது. அது திரும்பி மேலே வரும்போது கல்தூளையும் வாரிக்கொண்டு வருகிறது. உலோகத்தில் ஆழமாகத் துளையிடும் டிரில்லும் அப்படியே. வெளியிலிருந்து நீர் ஊற்றினால், மேலே ஏறிவரும் சுருள்கள் அதை எதிர்த்துத் தள்ளிவிடும். அடிமுனை வறண்டுபோகும், சுருள் அடைத்துக்கொள்ளும், டிரில் முறியும். டிரில்லின் உடலிலேயே துளை இருந்தால் நீர் முதலில் முனைக்குச் சென்று, பிறகு சுருள்களைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். துப்பாக்கிக் குழல்களைத் துளையிடுவதற்காக வளர்ந்த முறை இது.

சுழலும் கோபுரத்தில் நீர்வழி

‘டரட்’ என்ற சொல்லுக்குச் சிறு கோபுரம் என்று பொருள். ஒரே எந்திரத்தில் பல கருவிகளை ஒரு சுழலும் கட்டையில் பொருத்திவைத்து, வேண்டியதை வேண்டியபோது திருப்பிக்கொள்ளும் ஏற்பாடு இது. 1845-ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஸ்டீபன் ஃபிட்ச் துப்பாக்கித் திருகுகள் செய்ய இத்தகைய எந்திரத்தை அமைத்தார். இன்றைய சி.என்.சி. எந்திரங்களில் டரட் ஒரு வட்டத் தட்டாக இருக்கும். அதன் விளிம்பில் 8 அல்லது 12 கருவிகள் இருக்கும். கோயம்புத்தூரில் எல்.எம்.டபிள்யூ. நிறுவனம் (முன்பு இலட்சுமி மெஷின் ஒர்க்ஸ்) 1988 முதல் இத்துறையில் எந்திரங்களைச் செய்து வருகிறது.

ஆனால் சுழலும் தட்டுக்குக் குழாயை எப்படி இணைப்பது? கட்டிவைத்தால் முறுக்கிக்கொள்ளுமே! விடை எளிது. தட்டின் பின்னால் அசையாமல் நிற்கும் பகுதியில் ஒரே ஒரு நீர்வாய் உண்டு. வில்லால் உந்தப்பட்ட ஒரு குமிழ் அங்கே தட்டின் மீது அழுந்தி நிற்கும். தட்டிலோ ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு துளை. எந்தக் கருவி வேலைக்கு வந்து நிற்கிறதோ, அதன் துளை மட்டும் நீர்வாய்க்கு நேரே வரும். பிறவற்றுக்கு நீர் போகாது. ரேஷன் கடையில் வரிசையில் முன்னால் நிற்பவருக்கு மட்டும் பொருள் கிடைப்பதுபோல! அங்கிருந்து நீர் கருவிதாங்கியினுள் புகுந்து, கருவியின் தண்டு வழியே சென்று, வெட்டும் முனைக்குச் சில மில்லிமீட்டர் தொலைவில் பீறிடுகிறது. இணைப்புகளில் ரப்பர் வளையங்கள் கசிவைத் தடுக்கின்றன. தட்டுத் திரும்பும்போது அழுத்தத்தை நிறுத்திவிடுவது வழக்கம். இல்லாவிடில் அவ்வளையங்களும் குமிழும் தேய்ந்துவிடும்.

சாதாரணமாக ஊற்றும் நீருக்குச் சில பார் அழுத்தமே போதும். உயர் அழுத்த முறையில் 70 பார் அழுத்தம் பயன்படுகிறது. 700 மீட்டர் உயரமான நீர்த்தொட்டியின் அடியில் உள்ள அழுத்தம் இது! உராய்வு இழப்பை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், நீர் விநாடிக்கு ஏறத்தாழ 118 மீட்டர் வேகத்தில் பாயும். கருவியின் முகத்தில் ஓடும் சுருளின் வேகமோ விநாடிக்கு மூன்று நான்கு மீட்டர்தான். ஆகவே நீர்த்தாரை ஓர் ஆப்புப்போல் சுருளின் அடியில் புகுந்து அதைத் தூக்கி, வளைத்து, சிறு துண்டுகளாக ஒடித்துவிடுகிறது. நீண்ட சுருள்கள் வேலைப்பொருளைச் சுற்றிக்கொண்டு கையை அறுக்கும் ஆபத்தும் குறைகிறது.

இதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. வாய் மிகச் சிறியது. ஆகவே நீரை நுண்ணிய வடிகட்டியில் வடிகட்ட வேண்டும். தாரை தோலைத் துளைக்கவல்லது. ஆகவே எந்திரத்தின் கதவு மூடியிருந்தால்தான் நீர் பாயும்படி அமைத்திருப்பார்கள்.

வெண்ணிற நீரின் மறுபக்கம்

இந்த நீர்மம் உயிருள்ளதுபோல் நடந்துகொள்ளும். விடுமுறை நாளில் எந்திரம் ஓடாமல் நின்றால், தொட்டியின் மேல் எண்ணெய் படர்ந்து காற்றுப் புகாமல் தடுக்கும். காற்றில்லாமல் வாழும் பாக்டீரியங்கள் பெருகும். மறுநாள் காலையில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். அது ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு. மேலும், பழைய நீர்மம் தொடர்ந்து தோலில் பட்டால் கைகளில் அரிப்பும் புண்ணும் வரலாம். அதன் நுண்துளிப் பனி மூச்சுக்கும் நல்லதன்று.

கலக்கும் நீரும் முக்கியம். கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுந்த கடின நீரில் எண்ணெய் சரியாகக் கலவாமல் பிரிந்து ஆடையாக மிதக்கும். நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரு கண்ணாடிப் புட்டியில் மழைநீரும், மற்றொன்றில் உப்புக்கரிக்கும் கிணற்று நீரும் பாதியளவு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் சிறிதளவு குளியல் சோப்புக் கரைசலை ஊற்றிக் குலுக்குங்கள். ஒன்றில் நுரை நிற்கும். மற்றொன்றில் வெள்ளைத் திரிவு படியும். பட்டறைத் தொட்டியிலும் நடப்பது இதுவே.

எல்லாவற்றினும் பெரிய கேள்வி, பயன்படுத்தி முடிந்த நீர்மம் எங்கே போகிறது என்பது. மணவாள நகரை ஒட்டிக் கூவம் ஆறு ஓடுகிறது. திருவள்ளூருக்கு மேற்கே, 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் சென்னைக்குக் குடிநீர் தருகிறது. எண்ணெய் கலந்த கழிவைத் தரையில் கொட்டினால் அது கிணற்றுக்கும் ஆற்றுக்கும் போகும். ஆகவேதான் இந்திய அரசின் 2016-ஆம் ஆண்டு விதிகள் எண்ணெய்க் கழிவை அபாயக் கழிவுகளில் சேர்த்துள்ளன. அதை முறைப்படி பிரித்து, சுத்திகரிப்போரிடம் ஒப்படைக்க வேண்டும். இதற்குச் செலவாகும். சிறிய பட்டறைகளுக்கு அது சுமைதான்.

இரண்டு மில்லிலிட்டர் போதுமா?

நீரைக் குறைத்தால் கழிவும் குறையும் அல்லவா? சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வரதராஜன், பிலிப், இராமமூர்த்தி ஆகிய மூவரும் இதை ஆராய்ந்து, 2002-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். கடினமாக்கப்பட்ட எஃகைக் கடையும்போது, தனியாகத் தயாரித்த நீர்மத்தை மெல்லிய தாரையாக, விட்டுவிட்டு, மிகுந்த வேகத்தில் வெட்டும் இடத்திலேயே பாய்ச்சினர். அளவோ நிமிடத்துக்கு 2 மில்லிலிட்டர் மட்டுமே. ஊற்றும் முறையில் நிமிடத்துக்கு 10 லிட்டர் செலவாகிறது என்று வைத்துக்கொண்டால், இது அதில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு! ஆயினும் கருவியின் ஆயுள், பரப்பின் வழவழப்பு, வெட்டும் விசை ஆகியவற்றில் நீரில்லாமல் கடைவதையும் நீரூற்றிக் கடைவதையும் விட இம்முறை சிறந்திருந்தது.

எல்லா வேலைக்கும் இது பொருந்தாது. ஆழ்துளையிலிருந்து சுருள்களை வெளியேற்ற நிறைய நீர் ஓடியே ஆகவேண்டும். ஆனால் இம்முடிவு நமக்கு ஒன்றைத் தெளிவாக்குகிறது. வெட்டுமுனைக்குப் பயன்படுவது எவ்வளவு நீர் கொட்டினோம் என்பதன்று. எவ்வளவு நீர் அதைச் சென்று தொட்டது என்பதே. தொழிற்பயிற்சி நிலையத்தில் டர்னர் பிரிவில் சேர விரும்பும் மாணவர்களும், பொறியியல் கற்க விரும்பும் மாணவர்களும் இதை நினைவில் வைக்கலாம். கருவிக்குள் இன்னும் நல்ல வழி அமைத்து, இன்னும் குறைந்த நீரில் வேலையை முடிக்கும் டரட் ஒன்றை உங்களில் ஒருவர் வரைந்தால், அதனால் பட்டறைக்காரரின் செலவும் குறையும், கூவத்தின் கரையிலுள்ள கிணறுகளும் தப்பும்.