பால்மரக் காட்டில் ஒருத்தி, கடற்கரையில் ஒருத்தி

மாமல்லபுரம் என்றதும் சரித்திர நாவல் வாசிப்போருக்குக் கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ நினைவுக்கு வரும். பல்லவர் காலத்து நடன மங்கை ஒருத்தியின் துயரத்தைச் சொல்லும் அந்தக் கதை, 1944 முதல் 1946 வரை வார இதழில் தொடராக வெளிவந்தது. தமிழகம் சிவகாமிக்காகக் கண்ணீர் சிந்திய அதே ஆண்டுகளில், இந்தக் கடலுக்கு அப்பால் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் நம் பெண்கள் ஆயிரமாயிரம் பேர் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு நாவல் எங்கே?

தோட்டத்திற்குச் சென்றவள்

பழைய செங்கல்பட்டு ஜில்லாவின் கிராமங்களிலிருந்தும், வட ஆற்காடு, தஞ்சை, திருச்சி ஜில்லாக்களிலிருந்தும் கங்காணிகள் ஆள் திரட்டினார்கள். வறுமையும் சாதிக் கொடுமையும் துரத்த, குடும்பம் குடும்பமாகச் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறினார்கள். 1938-இல் இந்திய அரசு இத்தகைய தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்யும் வரை இது நடந்தது.

அங்கே பெண்ணின் நாள் விடியுமுன்னே தொடங்கியது. பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, மரம் மரமாகப் பட்டை சீவி, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துச் சுமக்க வேண்டும். 1920-களின் இறுதியில் பல தோட்டங்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு. பெண்ணுக்கு 40 காசு.

1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியர் கோத்தாபாருவில் இறங்கினர். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. வெள்ளைத் துரைமார் ஓடினர். ரப்பர் வாங்க ஆளில்லை. அரிசிக்குப் பதில் மரவள்ளிக் கிழங்கு உணவாயிற்று. சேலைக்கு வழியின்றிச் சாக்கைச் சுற்றிக்கொண்டவர்களும் உண்டு. வாழைமரம் அச்சிட்ட ஜப்பானிய நோட்டு, 1945-இல் வெறும் காகிதமாயிற்று.

இவற்றுக்கு மேலாக வந்தது சயாம் ரயில். சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் இருப்புப் பாதை. 1942-இல் தொடங்கிய பணி 1943 அக்டோபரில் முடிந்தது. ஆசை காட்டியும், பின்னர் வளைத்துப் பிடித்தும் தோட்டத்து ஆண்களைக் கொண்டுபோனார்கள். காலராவும் மலேரியாவும் பசியும் அவர்களைத் தின்றன. போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன. தமிழ்க் கூலிகளில் பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை. லயத்து வாசலில் நின்றவள் தன்னைச் சுமங்கலி என்பதா, விதவை என்பதா? எவரும் அவளுக்குச் சொல்லவில்லை.

எல்லாப் பெண்களும் அழுதுகொண்டு மட்டும் இருந்தார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். 1943-இல் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் ஜான்சி ராணிப் படையை அமைத்தபோது, சென்னையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமியின் தலைமையில் துப்பாக்கி ஏந்தியவர்களில் தோட்டங்களில் பால்வெட்டிய பெண்களும் இருந்தனர்.

ஊரில் காத்திருந்தவள்

நம் சமுதாயத்து ஆண்களில் மலாயா சென்றோர் பெரும்பாலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வாணிபம் செய்தவர்கள். தோட்டந்தோட்டமாகத் துணி விற்றவர்களும் உண்டு. மனைவியோ ஊரிலிருந்தாள். சிங்கப்பூர் வீழ்ந்ததும் மணியார்டரும் கடிதமும் நின்றன. 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. ஜப்பானியர் இறங்குவர் என்று அஞ்சிச் சென்னையே காலியானது. கணவனிடமிருந்து தகவல் இல்லை. கடலைப் பார்த்தாலோ பயம்.

இவள் நிலை என்ன? காணாமற்போனவனின் மனைவி, அவன் இறந்துவிட்டதாகக் கொள்ளத்தக்க முதுமைக் காலம்வரை காத்திருக்க வேண்டும் என்பதே ஹனஃபி மத்ஹபின் பழைய தீர்ப்பு. மாலிகி மத்ஹபோ நான்கு ஆண்டுகள் என்றது. பெண்களின் இன்னலைக் கண்ட உலமாக்கள் மாலிகி தீர்ப்பை ஏற்றுக்கொள்ள வழி காட்டினர். அதன் பயனாக 1939-இல் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் வந்தது. நான்கு ஆண்டுகள் கணவனைப் பற்றித் தகவல் இல்லையெனில் மனைவி நீதிமன்றம் செல்லலாம். தீர்ப்புக்குப் பின்னும் ஆறு மாதம் பொறுத்தே அது நடைமுறைக்கு வரும். அதற்குள் கணவன் வந்து, இல்லறக் கடமைகளை நிறைவேற்ற இசைவதாக நீதிமன்றத்துக்கு உறுதிப்படுத்தினால் தீர்ப்பு ரத்தாகும்.

கணக்கிட்டுப் பாருங்கள். கடைசிக் கடிதம் 1941 டிசம்பரில் வந்திருந்தால், நான்காண்டு நிறைவது 1945 டிசம்பரில். போர் முடிந்ததோ அதே ஆண்டு ஆகஸ்டில். உயிரோடு இருப்பவர்கள் திரும்பத் தொடங்கும் வேளையில்தான் அவளுக்குச் சட்டத்தின் கதவு திறக்கிறது! வழக்குத் தொடுப்பதா, அடுத்த கப்பலைப் பார்ப்பதா? பெற்றோர் ஒன்று சொல்வர். மாமியார் ஒன்று சொல்வார். ஜமாஅத்தார் ஒன்று சொல்வர். அவள் மனம் என்ன சொல்லிற்று? ஒரு நாவலுக்கு இதைவிடப் பெரிய கரு வேண்டுமா?

எழுதியவர்களும் எழுதாததும்

இந்தக் களத்தைத் தமிழ் எழுத்தாளர்கள் அடியோடு மறந்துவிடவில்லை. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ போர்க்காலப் பினாங்கையும் மேடானையும் காட்டுகிறது. ஆனால் அது ஆண்களின் உலகம். மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ தண்டவாளத்தோடு நம்மை அழைத்துச் செல்கிறது. அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’ தோட்டத்து மக்களின் வாழ்வைச் சொல்கிறது. போற்றத்தக்க நூல்களே. ஆயினும் லயத்து வாசலையும் நம் கடற்கரைத் திண்ணையையும் ஒரே நூலில் கோத்து, அங்கே நின்றவளையும் இங்கே நின்றவளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் படைப்பு நமக்கு வேண்டும்.

‘கதை என்பது பொய்தானே’ என்று சிலர் கேட்கக்கூடும். இது கதை என்று அறிவித்துச் சொல்வது எவரையும் ஏமாற்றுவது ஆகாது. ஆனால் சரித்திரக் கதைக்கு ஓர் அமானிதம் உண்டு. நாளும் கூலியும் சட்டமும் உள்ளபடியே இருக்க வேண்டும். வாழ்ந்தவர் பெயரில் வாழாத செயலை ஏற்றக்கூடாது. மானம் இழக்க வைக்கப்பட்ட பெண்ணைப் பற்றி எழுதும்போது, குற்றம் செய்தவன்மீதே வாசகனின் சினம் திரும்ப வேண்டும், அவள்மீது அன்று.

உங்கள் வீட்டில் தேடுங்கள்

அந்நாளில் மணமாகியிருந்த பெண்கள் அநேகமாக மறைந்துவிட்டனர். சிறுமியராக இருந்தோர் இன்று எண்பதையும் தொண்ணூறையும் கடந்தவர்கள். அவர்கள் அருகே அமர்ந்து கேளுங்கள். ‘மலாயாவில் என்ன நடந்தது?’ என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது. ‘கடைசிக் கடிதம் எப்போது வந்தது? அதை யார் படித்துக் காட்டினார்? அதன்பின் வீட்டில் எதை விற்றுச் சாப்பிட்டீர்கள்?’ என்று கேளுங்கள். பெட்டியில் கிடக்கும் பழைய கடிதம், மணியார்டர் துண்டு, ஜப்பானிய நோட்டு, எதையும் எறிந்துவிடாதீர்கள். பள்ளிவாசல் நிக்காஹ் பதிவேட்டில் அந்த ஆண்டுகளின் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். மறுமணக் குறிப்பு ஒன்றே ஒரு பெண்ணின் வாழ்வைச் சொல்லிவிடும்.

இது பழங்கதை மட்டுமன்று. பிழைப்புக்காகக் கடல் கடந்து சென்று, தகவலற்றுப் போகும் கணவன்மார் இன்றும் உண்டு. அந்த 1939-ஆம் ஆண்டுச் சட்டமும் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. காத்திருப்பது ஒரு பெண்ணின் விருப்பமாக இருக்கலாம். அதை அவள்மீது சுமத்தும் உரிமை நமக்கில்லை. நம் பாட்டிமாரின் கதையை எழுதும் ஒருத்தி, நம் பேத்திமாருக்கும் சேர்த்தே எழுதுகிறாள். பேனா எடுக்கும் சகோதரி உங்கள் வீட்டிலேயே இருக்கக்கூடும். அவளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள்.