பொலிஸா? படையா? – விசேட அதிரடிப்படையின் தோற்றமும் பணியும்

எல்லையைக் காப்பது இராணுவம், ஊருக்குள் சட்டம் ஒழுங்கைக் காப்பது பொலிஸ் என்று கீழ் வகுப்புகளில் படித்திருப்பீர்கள். இவ்விரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வகையொன்று உண்டு. இராணுவத்தைப் போலப் பயிற்சியும் ஆயுதமும் பெற்று, பொதுமக்கள் மத்தியில் பொலிஸ் கடமை செய்யும் படை அது. பிரான்சில் இதற்கு ஜென்டார்மெரி என்று பெயர். மன்னராட்சிக் காலத்திலிருந்த காவற்படையே பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1791 இல், தேசிய ஜென்டார்மெரியாக மாற்றப்பட்டது. பெரிய பட்டினங்கள் பொலிஸிடமும், கிராமப்புறங்கள் இப்படையிடமும் இருக்கும். 2009 முதல் அது உள்நாட்டலுவல்கள் அமைச்சின் கீழ் இயங்கினாலும் அதிலுள்ளோர் இன்றும் இராணுவத்தினரே. இத்தாலியின் கரபினியேரி (1814) இன்னோர் உதாரணம்.

இலங்கையில் இப்பெயரில் ஒரு படை இல்லை. இதற்கு மிக அண்மையில் வருவது விசேட அதிரடிப்படை. அதை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னே போக வேண்டும்.

1865 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டமே எமது பொலிஸ் சேவையின் அடிப்படை. திருத்தங்களுடன் அது இன்றும் நடைமுறையில் உள்ளது. 1866 செப்டெம்பர் 3 இல் கேம்பல் பொலிஸுக்குத் தலைமை ஏற்றார். (செப்டெம்பர் 3 பொலிஸ் தினமாவது இதனால்தான்.) பிரித்தானியர் தமது குடியேற்ற நாடுகளில் லண்டன் பொலிஸைவிட அயர்லாந்தின் ஆயுதம் தாங்கிய பொலிஸையே பெரிதும் மாதிரியாகக் கொண்டனர். காரணம் எளிது. லண்டனில் பொலிஸ் காத்தது தன் மக்களை. குடியேற்ற நாட்டில் அது காத்தது அரசை. இந்த வேறுபாட்டை எழுதும் மாணவருக்கு நல்ல புள்ளி கிடைக்கும்.

சுதந்திரத்தின் பின் பொலிஸ் பெரும்பாலும் சாதாரண பொலிஸாகவே இருந்தது. 1971 ஏப்ரல் 5 இல் வெல்லவாய பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டது. (வெல்லவாய, வெள்ளவத்தை அல்ல! பலர் மாற்றி எழுதுகிறார்கள்.) தொடர்ந்து நாட்டின் பல நிலையங்கள் தாக்கப்பட்டன. ஆயுதக் கிளர்ச்சியை எதிர்கொள்ளும் ஆயத்தம் பொலிஸிடம் இல்லை என்பது அப்போதே தெரிந்தது. வடக்கில் ஆயுத மோதல் வளர்ந்து, 1983 ஜூலை வன்செயலின் பின் யுத்தமாக மாறியது. 1984 இல் பொலிஸுக்குள்ளேயே விசேட அதிரடிப்படை அமைக்கப்பட்டது. களுத்துறை மாவட்டத்தின் கட்டுக்குருந்தையில் அதன் பயிற்சிக் கல்லூரி உள்ளது. முன்னாள் பிரித்தானியப் படையினர் ஆரம்பப் பயிற்சி வழங்கினர். யுத்த காலத்தில் கிழக்கு மாகாணமே, குறிப்பாக மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களே, இதன் முக்கிய களம்.

இனி மாணவர் குழம்பும் இடம். இவர்களின் சீருடையும் துப்பாக்கியும் இராணுவத்தினரைப் போலத் தோன்றும். ஆனால் பதவிகள் கொன்ஸ்டபிள், உப பொலிஸ் பரிசோதகர், பொலிஸ் அத்தியட்சகர் என்பனவே. தலைவர் பொலிஸ் மா அதிபர்; இராணுவத் தளபதி அல்லர். பத்திரிகைகளில் வரும் ‘துணை இராணுவக் குழு’ என்பது ஆயுதக் குழுக்களைக் குறிப்பது, அது வேறு. இராணுவத்தையே ஊருக்குள் அழைக்க வேண்டுமாயின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் (1947) 12 ஆம் பிரிவின் கீழ் ஜனாதிபதி கட்டளை பிறப்பிக்க வேண்டும். பொலிஸின் ஒரு பிரிவாகிய அதிரடிப்படைக்கு அது தேவையில்லை. அரசாங்கங்கள் இப்படையை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

பொலிஸ் என்றால் நீதிமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அதன் பெறுமதி கொழும்புத் தமிழருக்கு நன்கு தெரியும். 2007 ஜூன் 7 அதிகாலையில் புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர் பஸ்களில் ஏற்றி வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். அடிப்படை உரிமை மீறல் மனுவொன்றின் பேரில் உயர் நீதிமன்றம் மறுநாளே இடைக்காலத் தடை விதித்தது. அனுப்பப்பட்டோர் பலர் திரும்பி வந்தனர். எல்லாச் சம்பவங்களிலும் இவ்வாறு நடந்துவிடவில்லை. 2006 ஜனவரி 2 இல் திருகோணமலைக் கடற்கரையில் 5 மாணவர்கள் கொல்லப்பட்டனர். அவ்வழக்கில் கைதான அதிரடிப்படையினர் உள்ளிட்டோர் 2019 இல் போதிய சான்று இல்லையென விடுவிக்கப்பட்டனர்.

யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்தபோதும் படை கலைக்கப்படவில்லை. பிரமுகர் பாதுகாப்பு, குண்டு செயலிழப்பு, போதைப்பொருள் மற்றும் பாதாள உலகக் குழுக்களுக்கு எதிரான சுற்றிவளைப்பு, கலகம் அடக்கல் என்பன இன்றைய பணிகள். 2018 மார்ச்சில் திகன வன்செயலின்போதும் இவர்கள் அனுப்பப்பட்டனர்.

‘சிவில் பொலிஸுக்கும் விசேட அதிரடிப்படைக்கும் உள்ள வேறுபாடுகளை விளக்குக’ எனக் கேட்டால் ஆயுதங்களைப் பட்டியலிட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். யாருடைய கட்டளை, எந்தச் சட்டம், யாருக்குப் பொறுப்பு என்ற மூன்றையும் முதலில் எழுதுங்கள்.