ஒரு சிட்டிகை உப்பு, மூன்று மொழி

ஆங்கில மரபுத்தொடர்களைப் பட்டியல் போட்டு மனனம் செய்வதில் ஒரு தொல்லை உண்டு. பொருள் நினைவில் நிற்கும். எங்கே பயன்படுத்துவது என்பது நிற்காது. பாயான் பாருவில் எங்கள் குடியிருப்பில் எஸ்.பி.எம். எழுதப்போகும் தம்பி தங்கைகள் சிலருக்கு வார இறுதியில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். மூன்று மொழி படித்தால் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள் என்று அவர்கள் வீடுகளில் ஒரு பயம் இருக்கிறது. பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, ஒரே ஒரு சொல்லைக் கொடுத்தேன்: உப்பு.

'சால்ட் ஆஃப் தி எர்த்' என்றால் என்ன? "ஒன்றும் விளையாத உவர் நிலம். அதாவது, உதவாக்கரை ஆள், அக்கா" என்றாள் ஒரு தங்கை. யோசித்த விதம் சரிதான், விடைதான் நேர் எதிர். பகட்டில்லாத, நம்பத்தகுந்த நல்ல மனிதரைத்தான் அப்படிச் சொல்வார்கள். இயேசு தம் சீடர்களை உலகுக்கு உப்பு என்று சொன்னதாக மத்தேயு நற்செய்தியில் வருகிறது; தொடர் அங்கிருந்து வந்தது. குளிர்பெட்டி இல்லாத காலத்தில் மீனையும் இறைச்சியையும் கெடாமல் காத்தது உப்பு. கருவாடு சாப்பிடும் நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

'வொர்த் ஹிஸ் சால்ட்' என்றால் வாங்கும் கூலிக்குத் தகுதியானவர். நம்முடைய 'உப்புப் பெறாத' பக்கத்தில் வந்து நிற்கிறது. ஆனால் நாம் அற்பமான விஷயத்தைச் சொல்கிறோம். அவர்கள் ஆளின் திறமையைச் சொல்கிறார்கள். கட்டுரையில் இரண்டையும் ஒன்றாக்கினால் மதிப்பெண் போகும்.

'டேக் இட் வித் எ பின்ச் ஆஃப் சால்ட்' என்றால் கேட்டதை அப்படியே நம்பிவிடாதே என்று பொருள். இதன் வேராகப் பலர் காட்டுவது, முதல் நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் பிளினி எழுதிவைத்த ஒரு நஞ்சு முறிவு மருந்து: காய்ந்த வாதுமைக் கொட்டை இரண்டு, அத்திப்பழம் இரண்டு, அருவதா இலை இருபது, கூடவே ஓர் உப்புக் கல்.

ரோமானிய வீரர்களுக்கு உப்பையே சம்பளமாகக் கொடுத்தார்கள், அதனால்தான் 'சாலரி' என்ற சொல் வந்தது என்று படித்திருப்பீர்கள். லத்தீனில் 'சால்' என்றால் உப்பு என்பது உண்மை. உப்பையே கூலியாக அளந்து கொடுத்ததற்குப் பழைய ரோமானிய நூல்களில் சான்று இல்லை. தமிழிலும் சம்பா நெல்லும் அளத்து உப்பும் சேர்ந்து 'சம்பளம்' ஆனது என்பார்கள். இரண்டையும் ஒரு சிட்டிகை உப்போடு கேட்டுக்கொள்வது நல்லது.

எனக்கு அதிகம் பிடித்தது உப்பைத் தின்னும் தொடர்கள். ஒருவரின் உப்பைத் தின்பது ஆங்கிலத்தில் அவருக்குக் கடன்படுவது. நம் 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' மாதிரி. மலாயில் 'மாக்கான் காராம்' என்றால் அனுபவம். உன்னைவிட முன்பே உப்புத் தின்றவன் நான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். தமிழிலோ, 'உப்புப் போட்டுத்தானே சாப்பிடுகிறாய்?' என்றால் ரோஷம் இல்லையா என்று கேட்கிறார்கள். இதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால் ஏதோ மருத்துவர் கேட்பது போலிருக்கும்!

அன்று அந்தப் பிள்ளைகள் யாரும் குழம்பவில்லை. கடைசியில் ஒரு தம்பி, உப்பு மூட்டை தூக்குவதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று கேட்டான். 'பிக்கிபேக்' என்றேன். அதில் உப்பு இல்லை, பன்றி இருக்கிறது.