வாடகைக்கு விட வீடு வாங்கப் போறீங்களா? முதல்ல இந்தக் கணக்கைப் போடுங்க!

"பேங்க்ல போட்டா என்ன பெருசா வட்டி வரப்போகுது? ஒரு ஃப்ளாட் வாங்கி வாடகைக்கு விட்டா மாசாமாசம் காசு வருமே!"

ரிட்டயர்மென்ட் பணம் கைக்கு வந்ததும் என் சித்தப்பா சொன்னது இது. சொன்னபடியே தாம்பரத்தில் 60 லட்சம் ரூபாய்க்கு ஒரு ஃப்ளாட் வாங்கினார். வாடகை 15,000 ரூபாய். பத்து மாத அட்வான்ஸாக வந்த ஒன்றரை லட்சம், மகளின் காலேஜ் ஃபீஸுக்குப் போனது. 14-வது மாதம் குடியிருந்தவருக்கு கோவைக்கு டிரான்ஸ்ஃபர். அட்வான்ஸைத் திருப்பித் தர, சித்தியின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின.

வீடு நல்ல சொத்துதான். ஆனால், வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன.

உண்மையில் கைக்கு எவ்வளவு வரும்?

மாதம் 15,000 என்றால் வருடத்துக்கு 1.80 லட்சம். 60 லட்சத்துக்கு இது 3 சதவிகிதம். குடியிருப்பவர் மாறும் வருடத்தில் ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடந்தால் 15,000 போச்சு. புரோக்கர் கமிஷன் ஒரு மாத வாடகை, பெயின்ட், பிளம்பிங் 20,000, சொத்து வரி 6,000 என்று வைத்துக்கொண்டால், மிஞ்சுவது 1.24 லட்சம். அதாவது, சுமார் 2 சதவிகிதம்தான். வீட்டின் விலை ஏறுவது தனி லாபம். ஆனால், அது விற்கும்போதுதான் கைக்கு வரும். மாதச் செலவுக்கு உதவாது.

வாடகையை வைத்தே இ.எம்.ஐ கட்டலாமா?

40 லட்சம் கடன், 8.5% வட்டி, 20 வருடம் என்றால் இ.எம்.ஐ சுமார் 34,700 ரூபாய். வாடகை போக, மாதம் சுமார் 19,700 ரூபாய் உங்கள் கையிலிருந்து போட வேண்டும். சம்பளம் வருபவர்கள் சமாளிக்கலாம். ஓய்வுபெற்றவர்களுக்கு இது பெரும் சுமை.

11 மாத அக்ரிமென்ட் போதுமா?

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, எத்தனை மாதத்துக்கு விட்டாலும் எழுத்துபூர்வ ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். வருடத்துக்கு எவ்வளவு வாடகை உயரும், எத்தனை நாள் முன்பு நோட்டீஸ் தர வேண்டும், ரிப்பேர் செலவு யாருடையது... எல்லாவற்றையும் அதில் எழுதிவிடுங்கள். பின்னால் வரும் மனக்கசப்பில் பாதி குறையும்.

வாடகை தராவிட்டால் கரன்ட்டைத் துண்டிக்கலாமா?

கூடாது. தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதைச் சட்டம் தடுக்கிறது. வாடகை பாக்கி என்றால் வாடகை நீதிமன்றத்தை அணுகலாம். அங்கே கைகொடுப்பது ஒப்பந்தமும், வங்கிக் கணக்கில் வாடகை வந்த பதிவும்தான். அதனால் ரொக்கமாக வாங்காதீர்கள்.

வருமான வரி உண்டா?

உண்டு. நீங்கள் கட்டிய சொத்து வரியைக் கழித்தபின், மீதியில் 30 சதவிகிதத்தைப் பராமரிப்புச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம். பில் எதுவும் காட்டத் தேவையில்லை.

அட்வான்ஸ் யார் பணம்?

குடியிருப்பவரின் பணம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது சட்டம். வாங்கிய தொகையைத் தொடாமல் தனியாக வையுங்கள்.

சித்தப்பா வீட்டுக்கு இப்போது வேறு ஒரு குடும்பம் வந்திருக்கிறது. மூன்று மாத அட்வான்ஸ் 45,000 ரூபாயை வாங்கிய அன்றே தனி ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட்டுவிட்டார். அதன் ரசீது சித்தியின் பீரோவில், மீட்டு வந்த வளையல்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாவியும் சித்தியிடம்தான்!