நிறை குறைக்க வைத்தியரிடம் போகிறீர்களா? முதல் நாளில் நடப்பது இதுதான்

எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் எனக்குத் தெரிந்த பல தாய்மார் உடல் நிறையைப் பற்றி வைத்தியரிடம் வாய் திறந்ததே இல்லை. பிரஷருக்குப் போவார்கள், முழங்கால் வலிக்குப் போவார்கள். நிறைக்கென்று போனால் ஏசுவார்கள் என்ற பயம். கடைசியில் சீனி வருத்தம் வந்த பிறகுதான் கிளினிக் புத்தகம் கைக்கு வருகிறது.

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. 35 வயதைத் தாண்டியவர்களைப் பரிசோதிக்கும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களை அரசாங்கம் 2011 முதல் இலவசமாக நடத்தி வருகிறது. பெண்களுக்குச் சுகவனிதையர் கிளினிக்கும் உண்டு. உங்கள் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் வர வேண்டுமா என்பதையும் அப்போதே கேளுங்கள்; அப்படியென்றால் இரவுச் சாப்பாட்டின் பின் குறைந்தது 8 மணித்தியாலம், தண்ணீர் மட்டும்.

முதலில் உயரமும் நிறையும் அளப்பார்கள். 158 சென்ரிமீற்றர் உயரமும் 72 கிலோ நிறையும் உள்ள பெண்ணின் உடற்திணிவுச் சுட்டி 28.8. ஆசிய நாட்டவருக்கு 23ஐத் தாண்டினாலே ஆபத்து கூடத் தொடங்குகிறது. அடுத்தது இடுப்பளவு: ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் என்பது எல்லை. அபாயாவின் மேலால் நாடா பிடித்தால் அளவு பிழைக்கும். திரைக்குப் பின்னால் பெண் தாதி அளக்கட்டும் என்று கேளுங்கள், அதில் தவறில்லை. பிறகு பிரஷர், இரத்தத்தில் சீனி, கொழுப்பு.

நேரம் எடுப்பது கேள்விகள்தான். எப்போது நிறை கூடியது, பிள்ளைப்பேற்றுக்குப் பிறகா, குறட்டை உண்டா, மாதவிடாய் ஒழுங்கா, என்ன குளிசை பாவிக்கிறீர்கள்? சில குளிசைகளே நிறையைக் கூட்டும். 1990 வெளியேற்றத்தின் பின் புத்தளத்திலும் மன்னாரிலும் மாறி மாறி வாழும் குடும்பங்களில் ஒரே ஆளுக்கு இரண்டு கிளினிக் புத்தகங்கள் இருப்பதுண்டு. இரண்டையும் கொண்டு போங்கள்.

சாப்பாட்டைக் கேட்கும்போது "கொஞ்சம்தான்" என்று சொல்லாதீர்கள். சஹனில் நாலைந்து பேரோடு இருந்து சாப்பிடும் நமக்கு நம் பங்கு எவ்வளவு என்றே தெரியாது. அதை அப்படியே சொல்லுங்கள். பிளேன்டியில் போடும் சீனியும் கணக்கில் சேரும்.

ஒன்லைனில் வாங்கிய மெலியும் பவுடரை மறைக்கவே கூடாது. இதயத்தைப் பாதிக்கிறது என்று 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலக்கப்பட்ட சிபுட்ராமின், "மூலிகை" என்று விற்கப்பட்ட பொருட்களில் பின்னரும் பலமுறை பிடிபட்டிருக்கிறது.

முதல் நாளே மருந்து தராமல் விடலாம்; அது அலட்சியம் அல்ல. இப்போது எல்லோரும் பேசும் செமாக்ளூடைட் ஊசி கணைய அழற்சி வந்தவர்களுக்குப் பொருந்தாமல் போகலாம், கர்ப்பமாக இருக்கும்போது பாவிக்கவும் கூடாது. ஓர்லிஸ்டாட் கேப்சூலின் உறையில் ஜெலட்டின் இருப்பது வழக்கம். ஹலால் பற்றிய சந்தேகத்தை அங்கேயே கேட்டு, வேறு வழி உண்டா என்று பாருங்கள். ரமழானில் நோன்பு பிடிப்பவர் என்பதையும் சொல்லுங்கள். சில சீனிக் குளிசைகளையும் இன்சுலினையும் வழமையான அளவிலேயே எடுத்து நோன்பிருந்தால் சீனி ஆபத்தாக இறங்கும்.

இலக்கும் நாம் பயப்படுவதுபோல் பெரிதல்ல. நிறையில் 5 வீதம் குறைந்தாலே பிரஷரிலும் சீனியிலும் மாற்றம் தெரியத் தொடங்கும். மேலே சொன்ன பெண்ணுக்கு அது 3.6 கிலோ. எத்தனை மாதத்தில் என்று வைத்தியரிடமே கேட்டு, அடுத்த தவணைத் திகதியையும் புத்தகத்தில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.