தொண்டை நோவும் இதய நோயும்

பாடசாலை வரவுப் பதிவேட்டில் ‘தொண்டை நோ’ என்னும் காரணத்தை நான் பல்லாண்டுகளாகப் பொருட்படுத்தியதில்லை. கொத்தமல்லிக் குடிநீரும் இருநாள் ஓய்வும் போதுமென்றே பெற்றாருக்குக் கூறிவந்தேன். காங்கேசன்துறையில் என்னிடம் பயின்ற பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, அத்தகைய நோ மாறி மூன்று கிழமைகளின் பின் முழங்கால் வீங்கிப் படுத்தாள். இதய வால்வு பழுதுற்றதென மருத்துவர் கூறினர். அதன்பின்னரே இதனைப் படிக்கலானேன். நான் மருத்துவனல்லன், விளங்கியதைச் சொல்கிறேன்.

தொண்டை நோக்களிற் பெரும்பாலானவை வைரசுகளால் வந்து தாமே மாறுவன. தடிமனோ இருமலோ இன்றித் திடீரெனக் காய்ச்சலும், விழுங்கவொண்ணா நோவும், கழுத்தில் நெறிகட்டலும் காணின் ஸ்ரெப்ரோகொக்கசு என்னும் பற்றீரியாவை ஐயுறல் வேண்டும். நுணுக்குக்காட்டியில் இது கோத்த மணிகளைப் போலத் தோன்றும். 1874இல் பில்ரோத் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் இட்ட கிரேக்கப் பெயரும் அத்தோற்றத்தையே குறிக்கின்றது.

நெருக்கமே இதற்கு வாய்ப்பு. 1990இல் இவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்து, முகாம்களில் ஒரே கூரையின்கீழ்ப் பல குடும்பங்களாய் வாழ நேர்ந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

உட்புகும் கிருமிகளை விழுங்கி அழிப்பவை நம் வெண்குழியங்கள். இக்கிருமியோ நம் மூட்டுகளிலுள்ள வழுவழுப்பான பொருளையே தானும் ஆக்கிப் போர்த்துக்கொள்கின்றது. உடலின் காவலுக்கு அது அந்நியமாகத் தோன்றுவதில்லை. அதன் மேற்பரப்பில் மயிர்போல் நீண்டு நிற்கும் ஒரு புரதமும் விழுங்கப்படாமற் காக்கின்றது. 1928இல் றெபேக்கா லான்ஸ்பீல்ட் அம்மையார் கண்டறிந்த இப்புரதத்தில் இருநூறுக்கு மேற்பட்ட வகைகள் உள. ஒருவகைக்கு எதிராகப் பெற்ற காப்பு மற்றொன்றுக்குப் பெரும்பாலும் உதவாது. பிள்ளைகளுக்கு இந்நோ மீண்டும் மீண்டும் வருவது இதனாலேயே. மேலும், வெண்குழியங்களைக் கொல்லும் நஞ்சும், குருதிக் கட்டியைக் கரைக்கும் நொதியமும் இதனிடம் உள. (இவ்வினக் கிருமியிலிருந்து பெற்ற அந்நொதியமே மாரடைப்புக்கு மருந்தாகவும் பயன்பட்டு வந்துள்ளது!)

பெருந்தீங்கு விளைவது பின்னரே. அப்புரதத்தின் சில பகுதிகள் நம் இதயத் தசையின் புரதங்களை ஒத்தவை. கிருமியை எதிர்க்க உடல் ஆக்கிய பிறபொருளெதிரிகள் சிலரில் இதயத்தையே தாக்குகின்றன. இதுவே வாதக் காய்ச்சல்; ஐந்து முதல் பதினைந்து வயதுவரையுள்ளோரையே பெரிதும் பற்றுவது.

பெனிசிலினுக்கு இக்கிருமி இன்றும் பணிகின்றது. நோத் தொடங்கி ஒன்பது நாட்களுக்குள் அதனை ஆரம்பித்தால் வாதக் காய்ச்சலைத் தடுக்கலாம். வாய்வழி எடுப்பதாயின், பத்து நாட்களும் எடுத்தல் வேண்டும்; மூன்றாம் நாள் நோ தணிந்ததும் குளிசையை நிறுத்துவதே நம் வீடுகளில் நிகழும் தவறு.

அச்சிறுமிக்கு நான்கு கிழமைக்கொருமுறை பெனிசிலின் ஊசி ஏற்றப்படுகின்றது. இன்னும் பல ஆண்டுகள் அது தொடரும்.